மேனகையின் ஒப்பனை அறைக்குள்ளே

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று ஒரு புதுக் கொம்பனி. முதற்படம் ‘சதி அகல்யா’, 1937. கௌதம முனிவரின் பத்தினி இந்திரனால் ஏமாற்றப்பட்டுக் கல்லாகிப் போய், இராமனின் கால்தூசி பட்டு எழுந்த கதைதான். படத்தைப் பற்றி நாலு நல்ல வரி எழுதட்டும் என்று முதலாளி டி.ஆர்.சுந்தரம் பத்திரிகைக்காரரை அழைக்கிறார். வந்தவர்களின் கையில் கதாநாயகியின் புகைப்படங்கள் கொடுக்கப்படுகின்றன. மரவுரியும் உருத்திராக்கமும் எதிர்பார்த்து வாங்கிப் பார்த்தவர்களுக்குக் கண் பிதுங்குகிறது. படத்தில் அந்தப் பெண் நீச்சலுடையில் நிற்கிறாள்!

பழைய சினிமா பற்றி எழுதுகிறவர்கள் விடாமல் சொல்லிவரும் கதை இது. கதையின் நல்ல பகுதி இனிமேல்தான் வருகிறது. அகலிகையாக நடிக்கிறவள் இப்படிப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு அந்த இளம்பெண் கொஞ்சமும் தடுமாறாமல் பதில் சொன்னாளாம்: எங்கள் ஊரில் கடலில் குளிக்கும்போது இதைத்தான் போடுகிறோம், இதில் என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் என்று அவள் சொன்ன ஊர் யாழ்ப்பாணம். இன்னும் சரியாகச் சொன்னால் இணுவில். பெயர் கே. தவமணிதேவி. இலங்கையிலிருந்து போய்த் தமிழ்ப்படத்தில் கதாநாயகியான முதற்பெண் இவர்தான் என்று எழுதுகிறவர்கள் பலர். சென்னை விளம்பரக்காரர் ‘சிங்களத்துக் குயில்’ என்று பட்டமும் சூட்டிவிட்டார்கள். இணுவிற் குயிலுக்கு அப்படி ஒரு பட்டமா என்று நம்மவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும். நான் சொல்ல வந்த விஷயம் வேறு. திரையில் தெரிந்த தவமணிதேவியை விட, திரைக்குப் பின்னால் நின்ற தவமணிதேவி எத்தனை சுவாரசியமானவர் தெரியுமா? வாருங்கள், மெல்ல எட்டிப் பார்ப்போம்.

முதலில் இணுவிலைப் பார்க்க வேண்டும். காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவிலைத் தாண்டி வரும் ஊர். இருபுறமும் செம்மண்ணும் புகையிலைத் தோட்டமும் துலாக் கிணறுமாய் இருந்த நிலம். ஆனால் ஊரின் காது மட்டும் எப்போதும் சங்கீதத்தில் இருந்தது. கந்தசுவாமி கோயில் மஞ்சம் பெயர்போனது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண். மயிலைக் கற்பகாம்பாள் மேல் டி.எம்.சௌந்தரராஜன் பாடிப் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த அந்தப் பாட்டை எழுதிய வீரமணி ஐயரும் இணுவிலார்தான். கோயில் வீதியில் தவிலும் நாதசுவரமும் விடிய விடிய முழங்கும். ஆனால் வசதியான வீட்டுப் பெண்பிள்ளை ஆடுவதோ பாடுவதோ வீட்டுப் படலைக்கு வெளியே வரக்கூடாது. அந்நாளில் எங்கள் நாடக மேடையைக் கேளுங்கள்: சந்திரமதி, வள்ளி, தமயந்தி எல்லாரும் ஆண்கள்தான். மழுங்கச் சவரம் செய்து, சேலை கட்டி, பெண்குரலில் பாடினார்கள். பெண்கள் ஆடினால் அது இந்தியாவிலிருந்து வந்து திருவிழாவில் ஆடிய சின்னமேளம். அதை ஆண்கள் பார்த்தார்கள், பெண்கள் பார்க்காதது போல் பார்த்தார்கள்.

தவமணிதேவியோ வசதியும் படிப்பும் நிறைந்த குடும்பத்துப் பிள்ளை. நாடகக் கொம்பனியில் வளர்ந்தவர் இல்லை. பரம்பரையாக ஆடிவந்த குடும்பமும் இல்லை. அன்றைய தமிழ்ப்பட நடிகைகளில் பலருக்கு அந்த இரண்டில் ஒரு வழி இருந்தது. இவரோ அந்த இரண்டும் இல்லாமல், சென்னைக்குப் போய்ப் பரதமும் சங்கீதமும் கற்றுக்கொண்டு, நேரே கமெராவின் முன்னால் போய் நின்றார். ருக்மிணி தேவி அடையாற்றில் முதன்முதல் மேடையேறி ஆடியது 1935 இன் கடைசியில். கலாக்ஷேத்திரம் தொடங்கியது 1936 இல். ‘நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாமா’ என்று மதராசே வாயில் விரலை வைத்து யோசித்துக்கொண்டிருந்த வேளை அது. அந்த வேளையில் இணுவிலிலிருந்து ஒரு பெண் போய் அகலிகையாகிறார்! எனக்கு இதை நினைக்க நினைக்க மயிர்க்கூச்செறிகிறது.

அன்றைக்கு யாழ்ப்பாணத்தார் சென்னை போவது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் சின்னக் கப்பல், பிறகு பாம்பன் பாலத்தைக் கடந்து எழும்பூர் வரை மறுபடி ரயில். 1914 இல் தொடங்கிய இந்த வழிக்குப் போட் மெயில் என்று பெயர். ஒரே சீட்டில் போய்விடலாம். பட்டுச்சேலை வாங்க, சிதம்பரம் கும்பிட, படிக்க, கல்யாணம் பேச என்று சனம் போய் வந்தது. சினிமாவில் நடிக்கப் போனவர்தான் அபூர்வம்.

சரி, ஸ்டூடியோவுக்குள் வருவோம். 1930 களின் பேசும்படம் எடுப்பது என்றால் என்ன கூத்து என்று நினைக்கிறீர்கள்? பின்னணிப் பாட்டு வழக்கத்துக்கு வராத நேரம். நடிக்கிறவர்தான் பாட வேண்டும், அதுவும் கமெரா ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மரத்துக்குப் பின்னாலோ கமெராவின் சட்டத்துக்கு வெளியிலோ ஒளிந்திருந்து வாசிப்பார்கள். ஒரு ஸ்வரம் பிசகினாலும் முழுக்காட்சியும் மறுபடி. முகத்தில் அப்பிய மாவு விளக்கின் வெக்கையில் வழியும். துடைத்து, பூசி, மறுபடி. வெளியில் படம் பிடித்தால் இன்னொரு எதிரி உண்டு: காகம்! கதாநாயகி உருகி உருகிப் பாடும்போது மேலேயிருந்து ‘கா’ என்றால் படச்சுருள் வீண். அதற்காகவே சென்னை ஸ்டூடியோக்களில் துப்பாக்கியோடு காகம் விரட்ட ஓர் ஆள் இருந்தார் என்பார்கள். சினிமாச் சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த உத்தியோகம் அதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் தாக்குப்பிடிக்க அழகு மட்டும் போதாது. தொண்டை வேண்டும், கால் வேண்டும், பொறுமை வேண்டும். தவமணிதேவிக்கு மூன்றும் இருந்தன. அவருக்கு நாலாவதாக ஒன்றும் இருந்தது, அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. தன் உடுப்பைத் தானே வடிவமைத்தார். திரையில் தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தையற்காரனிடமோ முதலாளியிடமோ விட்டுவிடவில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவருடைய முழு வாழ்க்கையும் விளங்கிவிடும்.

1940 இல் ‘சகுந்தலை’ வந்தது. அப்பப்பா, என்ன கூட்டணி! சகுந்தலையாக எம்.எஸ்.சுப்புலட்சுமி. துஷ்யந்தனாக ஜி.என்.பாலசுப்பிரமணியம். கச்சேரி மேடையின் இரண்டு சிகரங்கள் ஒரே திரையில். மீனவர்களாக என்.எஸ்.கிருஷ்ணனும் டி.எஸ்.துரைராஜும். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். 1935 இல் இந்தியா வந்து, ‘சதிலீலாவதி’யில் எம்.ஜி.ஆரை முதன்முதல் திரையில் காட்டியவர். தமிழ் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. பக்கத்தில் ஒருவர் வசனத்தை விளக்கிச் சொல்ல, இவர் முகத்தையும் வெளிச்சத்தையும் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தார். பிற்பாடு ‘மீரா’வுக்காக எம்.எஸ்ஸின் தலைச்சிலையொன்றைச் செய்வித்து, அதன்மேல் விளக்கை அப்படி இப்படித் திருப்பி எந்தக் கோணத்தில் முகம் ஒளிரும் என்று பரீட்சை பார்த்த மனிதர் இவர்.

‘சகுந்தலை’யில் மேனகை யார்? நம்முடைய தவமணிதேவி. கதாநாயகியாக வந்தவர் இப்போது சின்ன வேடத்தில். ஆனால் என்ன வேடம்! விசுவாமித்திரரின் தவத்தைக் கலைக்க வானுலகிலிருந்து இறங்குகிறவள். சகுந்தலையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போகிறவள். எம்.எஸ்ஸின் பாட்டுக்காகவே கொட்டகைக்கு வந்த சனம், மேனகை ஆடியதையும் பல நாள் கதைத்தது. கவனித்தீர்களா, முதற்படத்தில் இந்திரனால் ஏமாந்தவள், இந்தப் படத்தில் இந்திரன் அனுப்பி வந்தவள். தமிழ்ச் சினிமா தன் ஆசையையும் பயத்தையும் ஒன்றாகப் போட்டு வைத்த இரண்டு புராணப் பெண்களும் ஓர் இணுவில் பெண்ணின் தலையில்தான் வந்து விழுந்தார்கள். அவரும் தூக்கிச் சுமந்தார், சிரித்துக்கொண்டே.

இனி வருவதுதான் கொண்டாட்டம். 1941, ‘வனமோகினி’.

ஹாலிவுட்டில் டோரதி லமூர் என்றொரு நடிகை 1936 இல் ‘தி ஜங்கிள் பிரின்செஸ்’ படத்தில் உடம்போடு சுற்றிய சரோங்கில் காட்டுக்குள் உலவி உலகத்தையே கிறங்கடித்திருந்தார். அதைத் தமிழில் செய்தால் என்ன? சரோங் கட்ட, தோள் தெரிய நிற்க, மரத்தில் ஏற, யானையோடு பழக எந்தத் தமிழ் நடிகை சம்மதிப்பார்? கேட்கவும் வேண்டுமா! காதில் பூவோடு, தோளைத் திறந்துவிட்ட காட்டுக்குமரியாகத் தவமணிதேவி வந்தார். கதாநாயகன் எம்.கே.ராதா, பிற்காலத்தில் ‘சந்திரலேகா’வில் நடித்தவர். இயக்கியவர் பகவான். ஆமாம், இந்திப் படங்களில் பகவான் தாதா என்று ஆடிப்பாடிப் புகழ்பெற்ற அதே பகவான்தான். இசை சி.ராம்சந்திரா, பின்னாளில் லதா மங்கேஷ்கரின் குரலில் தேன் தேனாகப் பாட்டுத் தந்தவர். இந்திக்கு முன்னால் அவர் இசையமைப்பாளராகக் கைபழகியது தமிழ்ப்படத்தில், அந்தக் கைபழகலில் ஒன்று நம்மூர்ப் பெண் நடித்த படம் என்று தெரிந்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

இன்னொரு நட்சத்திரத்தை மறந்துவிடக்கூடாது: சந்துரு. மனிதரில்லை, யானை. விளம்பரங்களில் நடிகர்களோடு சேர்த்து அதன் பெயரையும் போட்டார்கள். தேவர் பிலிம்ஸ் யானையும் பாம்பும் ஆடுமாகப் படமெடுத்துத் தள்ளியதற்கு எவ்வளவோ காலம் முன்னால் இது. காட்டுப் படம், யானைப் படம் என்ற வகைக்குத் தமிழில் வழி வெட்டிய படங்களில் ‘வனமோகினி’க்கு முன்வரிசை இடம் உண்டு. சனம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. தவமணிதேவி என்றால் வனமோகினி, வனமோகினி என்றால் தவமணிதேவி என்று ஆகிவிட்டது.

அப்போதைய பாட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மெலிந்த பழுப்புத் தாள். அட்டையில் கதாநாயகியின் முகம், மை கொஞ்சம் விலகி, உதடு கன்னத்துக்கு வந்திருக்கும். உள்ளே நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பாட்டுகள். கதைச்சுருக்கம் சிக்கலான கட்டத்துக்கு வந்ததும் பட்டென்று நின்று, மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். கொட்டகை வாசலில் சில அணாவுக்கு விற்பார்கள். படம் பார்க்க விடாத வீடுகளில் பெண்பிள்ளைகள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் பாடமாக்கினார்கள். 1930 களின் படங்களில் பெரும்பாலானவற்றின் சுருள் இன்று இல்லை. தாள்தான் மிச்சம்.

பிறகு உலகப் போர் வாசலுக்கே வந்தது. 1942 சித்திரையில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சென்னையே பயத்தில் காலியானது. கச்சாப் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு; ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. இருபது முப்பது பாட்டு வைத்து நாலு மணிநேரம் ஓட்டிய காலம் அதோடு முடிந்தது. தமிழ்ப்படம் மெலிந்தது. மெலிந்து நன்றாகவும் ஆனது என்பேன்.

போர் முடிந்த கையோடு, 1946 இல், ஜுபிடரின் ‘வித்யாபதி’. ஏ.டி.கிருஷ்ணசாமி இயக்கியது. இதில் தவமணிதேவிக்கு மோகனாம்பாள் என்ற தாசி வேடம். அவள்மேல் பித்துப்பிடித்து அலையும் நாராயண பாகவதராக யார் நடித்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எம்.என்.நம்பியார்! கையைப் பிசைந்துகொண்டு எம்.ஜி.ஆரைக் கறுவுகிற நம்பியார் வருவதற்கு முன்னால், சிரிக்கவைக்கும் நம்பியார் ஒருவர் இருந்தார். அவரை எதிரில் வைத்துக்கொண்டு நகைச்சுவையும் மயக்கும் சேர்த்து நடிக்க வேண்டும். குணசித்திர நடிப்பு என்று இன்றைக்குப் பெரிதாகப் பேசுகிறோமே, இதெல்லாம்தான் அது. பக்கத்தில் நிற்கிறவரைத் தூக்கிவிட்டுத் தானும் கீழே விழாமல் நிற்பது.

அடுத்த வருடம் இன்னும் பெரிய வாசல் திறந்தது. கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோ, ஜுபிடர் பிக்சர்ஸ், படம் ‘ராஜகுமாரி’. ஏ.எஸ்.ஏ.சாமிக்கு இயக்குநராக முதற்படம். முதலில் அவர் மனதில் இருந்தது பி.யு.சின்னப்பாவும் டி.ஆர்.ராஜகுமாரியும். முதலாளிகள் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். அதனால் கதாநாயகனாக, அதுவரை சின்ன வேடங்களில் பத்து வருடம் காய்ந்த ஒருவருக்கு இடம் கிடைத்தது: எம்.ஜி.ராமச்சந்திரன். வசனத்தில் உதவ ஓர் இளைஞர்: மு.கருணாநிதி. நினைத்துப் பாருங்கள், பின்னாளில் தமிழ்நாட்டை ஆளப்போகும் இரண்டு முதலமைச்சர்கள் ஒரே படத்தில், இருவரும் பெயர் எடுக்காத நேரத்தில். அவர்களை விட அப்போது சனத்துக்கு நன்றாகத் தெரிந்த முகம், யாழ்ப்பாணத்துத் தவமணிதேவி! கதாநாயகி கே.மாலதி. நாயகனை மயக்கித் தன்பக்கம் இழுக்கப் பார்க்கும் வில்லி நம்மவர்.

இந்தப் படப்பிடிப்பில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் கோடம்பாக்கத்தில் இன்றும் உலவுகிறது. ஒப்பனை முடித்து அவர் செட்டுக்குள் வருகிறார். கழுத்து நன்றாக இறங்கிய சட்டை. சாமி திகைத்துப் போகிறார். இப்படி எடுத்தால் என்னவாகும் என்ற பயம் அவருக்கு. தவமணிதேவிக்கோ இது தானே வரைந்து தைப்பித்த உடுப்பு, வேடத்துக்கு வேண்டிய உடுப்பு. மயக்க வருகிறவள் போர்த்திக்கொண்டா வருவாள்? அவர் தன் பக்கத்து நியாயத்தை விடவில்லை.

அந்தச் சம்பவத்தைச் சிரிப்புக் கதையாகவே இதுவரை எழுதிவந்திருக்கிறார்கள். ‘கவர்ச்சிக் கன்னி’ என்ற இரண்டு சொல்லில் ஆளை மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. 1947 இல் ஒரு நடிகை, இயக்குநருக்கு முன்னால் நின்று, என் வேடத்துக்கு இதுதான் உடுப்பு என்று வாதாடுகிறாள். இது ஒரு கலைஞர் தன் வேலையைப் பற்றிப் பேசும் பேச்சு. ‘ராஜகுமாரி’ இன்றும் பார்க்கக் கிடைக்கும் படம். பாருங்கள். அவர் வரும் இடங்களில் கண்ணை மட்டும் கவனியுங்கள். எதிரில் நிற்கும் எம்.ஜி.ஆருக்குக் கதாநாயகன் என்ற பொறுப்பின் விறைப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. இவரோ வீட்டு விறாந்தையில் உலாவுகிற மாதிரி உலாவுகிறார். 1947 ஏப்ரலில் படம் வந்து நன்றாக ஓடியது. எம்.ஜி.ஆரின் பயணம் அங்கே தொடங்கியது. தவமணிதேவியின் பயணம் அங்கேயிருந்து மெல்லக் குறைந்தது. 1949 இல் ‘நாட்டிய ராணி’. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை.

அதே 1947 தையில்தான் முதற் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொறொந்துவ’ கொழும்பில் திரையிடப்பட்டது. அதைத் தயாரித்த எஸ்.எம்.நாயகம் தமிழர், படம் எடுக்கப்பட்டது மதுரையில். இலங்கையில் தமிழ்ப்படம் எடுக்க 1960 கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தார் முயற்சியில் ‘கடமையின் எல்லை’ வந்தது 1966 இல். கணக்குப் போட்டால் விளங்கும்: ஊரில் ஒரு தமிழ்ப்படம் உருவாவதற்கு ஏறத்தாழ முப்பது வருடம் முன்னாலேயே ஊர்ப் பெண் ஒருத்தி தமிழ்த்திரையில் நட்சத்திரம். வின்சர், வெலிங்டன், ராணி, மனோகரா, ரீகல் என்று கொட்டகைகளால் நிறைந்து, இந்தியப் படங்களைக் கொண்டாடித் தீர்த்த யாழ்நகரம், தன் பிள்ளையை மட்டும் சத்தமாகக் கொண்டாடவில்லை. வெட்கம் ஒரு காரணம். உடுப்பு ஒரு காரணம். ‘அவை ஆர் பகுதி’ என்ற கேள்விக்குப் பயந்து வாயை மூடியவர்களும் இருந்திருப்பார்கள்.

அவரோ யாருடைய கொண்டாட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. 1962 இல் இராமேசுவரத்தைச் சேர்ந்த சாஸ்திரி ஒருவரைத் திருமணம் செய்து அங்கேயே குடியேறினார். சினிமாவை அப்படியே விட்டுவிட்டார். அகலிகையாகத் தொடங்கியவர் இராமனின் ஊரில் போய் அமர்ந்தது எத்தனை பொருத்தம்! தலைமன்னாருக்கு நேர் எதிர்க்கரை அது. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியையும் ரயிலையும் அடித்துக்கொண்டு போனது. பிறகு இராமேசுவரத்திலிருந்தே ‘இராமானுஜம்’ கப்பல் ஓடியது. 1980 களில் அதுவும் நின்றது. தன் ஊருக்கான வழி ஒவ்வொன்றாக அடைபட்டதை அந்தக் கரையில் இருந்துகொண்டே கண்டவர் அவர். 2001 பெப்ரவரி 10 ஆம் திகதி காலமானார். அப்போது யாழ்ப்பாணம் போரின் நடுவில் இருந்தது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் பெட்டகங்களிலும் புத்தக அலுமாரிகளிலும் அம்மம்மாக்களின் தேவாரப் புத்தகத்துக்கு நடுவிலும் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் துண்டுகள், சினிமாச் சஞ்சிகைகள் இன்னும் கிடக்கின்றன. இடப்பெயர்வுகளில் எவ்வளவோ போய்விட்டன. ஆனாலும் எல்லாம் போகவில்லை. புலம்பெயர்ந்து போனவர்கள் பெட்டியில் கொண்டுபோனவையும் இருக்கும். ‘சதி அகல்யா’, ‘சகுந்தலை’, ‘வனமோகினி’, ‘வித்யாபதி’ என்ற பெயரில் எது அகப்பட்டாலும் தயவுசெய்து பழைய கடதாசிக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். நூலக நிறுவனத்தாரிடம் கொடுங்கள். மின்வருடி, எல்லாரும் இணையத்தில் பார்க்கும்படி வைத்துவிட்டு, உங்கள் பிரதியை உங்களிடமே தந்துவிடும்படி கேளுங்கள். இணுவிலில் இருக்கும் வாசிகசாலைகள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி ‘ராஜகுமாரி’யைத் திரையிட்டால், முன்வரிசையில் இடம்பிடிக்க நான் இப்போதே தயார்.